எடையை முதலில் நேர் செய்யுங்கள்: லேசான மிட்-எஞ்சின் ஸ்போர்ட்ஸ் கார்களை ஒப்பிடும் முழுமையான வழிகாட்டி

காரைக்குடியில் பொறியியல் படிக்கும் பிள்ளைகளும், விடுமுறைக்கு ஊர் திரும்பும் உறவுக்காரப் பையன்களும் மாலையில் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வருவார்கள். பேச்சு சீக்கிரமே கார்களுக்குத் திரும்பிவிடும். ஆல்ஃபா ரோமியோ 4சி, அல்பீன் ஏ110, போர்ஷே 718 கேமன், லோட்டஸ் எலீஸ் ஆகிய நான்கில் எது லேசு, எது மலிவு, எது வேகம் என்று ஆளுக்கொரு பட்டியல் வைத்திருப்பார்கள். பெரும்பாலான பட்டியல்கள் ஒரே இடத்தில்தான் பிழையாகின்றன. கிடைத்த எண்களை முதலில் வகுத்துவிடுகிறார்கள். அந்த எண்கள் எதைக் குறிக்கின்றன என்று கேட்பது அதற்குப் பிறகுதான், சிலர் அதையும் கேட்பதில்லை.

இந்தக் கணக்கை நான் பலமுறை போட்டுப் பார்த்திருக்கிறேன். கீழே உள்ள வரிசை அப்படி உருவானது. வரிசையை மாற்றினால் விடை மாறும், அதனால் படிகளைத் தாண்டாமல் செய்யுங்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

கட்டம் போட்ட நோட்டு ஒன்றும் கால்குலேட்டர் ஒன்றும் போதும். கணினியில் அட்டவணை போடத் தெரிந்தவர்களும் முதல் முறை கையால் எழுதுவது நல்லது. ஒவ்வொரு எண்ணையும் கையால் எழுதும்போது ‘இது எந்த நாட்டுக் காரின் எண்?’ என்ற கேள்வி தானாக வரும். நகலெடுத்து ஒட்டினால் வராது.

ஒவ்வொரு காருக்கும் தயாரிப்பாளர் வெளியிட்ட தொழில்நுட்ப விவரத் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். மாடல் ஆண்டு, விற்பனை நாடு, கியர்பாக்ஸ் வகை ஆகிய மூன்றும் அதில் தெளிவாக இருக்க வேண்டும். இந்த மூன்றும் தெரியாத எண்ணை நோட்டில் ஏற்றாதீர்கள்.

2. பட்டியலில் யார் நிற்கலாம் என்று முடிவு செய்யுங்கள்

மிட்-எஞ்சின் என்றால் எஞ்சின் இரண்டு அச்சுகளுக்கும் இடையில் இருக்க வேண்டும். நாம் பேசும் கார்களில் அது இருக்கைகளுக்குப் பின்னால், பின் அச்சுக்கு முன்னால் இருக்கிறது. போர்ஷே 911-ஐ இங்கே சேர்ப்பது அடிக்கடி நடக்கும் தவறு. அதன் எஞ்சின் பின் அச்சுக்கும் பின்னால் இருக்கிறது. மாஸ்டா எம்எக்ஸ்-5 லேசான கார்தான், ஆனால் அதன் எஞ்சின் முன்னால் இருக்கிறது. அல்பீனில் இன்னும் கவனம் தேவை: 1960-களின் ஏ110 பின் எஞ்சின் கார், 2017-இல் வந்த ஏ110 மிட்-எஞ்சின் கார். பெயர் ஒன்றாக இருப்பதால் பழைய காரின் எடையைப் புதிய காருக்கு எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எஞ்சின் இருக்கும் இடம் பொருந்தினாலும் வகுப்பு பொருந்த வேண்டும். ஹோண்டா எஸ்660 மிட்-எஞ்சின் கார், 830 கிலோ எடை, 2015-இல் ஜப்பானில் 19,80,000 யென்னில் தொடங்கியது. ஆனால் அது 660 சிசி கெய் கார் (ஜப்பானின் மிகச் சிறிய கார் வகை), திறன் 64 பி.எஸ். (மெட்ரிக் குதிரைத்திறன்). அதை 300 பி.எஸ். கேமனுக்குப் பக்கத்தில் எழுதினால் இரண்டைப் பற்றியும் எதுவும் தெரியாது. அதற்குத் தனிப் பக்கம் ஒதுக்குங்கள். ஹோண்டா பீட், ஆட்டோசாம் ஏஇசட்-1 இரண்டும் அந்தப் பக்கத்தில் சேரும்.

3. ஒரு வரியில் ஒரே ஒரு கார்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்.

718 கேமனின் 2.0 லிட்டர் காரை எடுத்துக்கொள்வோம். எடை 1,335 கிலோ. 2016-இல் பிரிட்டனில் தொடக்க விலை 39,878 பவுண்டு. பூஜ்ஜியத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்துக்கு 4.7 விநாடி. பிள்ளைகள் கொண்டுவரும் பட்டியல்களில் பெரும்பாலும் இந்த மூன்று எண்களும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். மூன்றும் உண்மையான எண்கள். ஆனால் இவை மூன்றும் சேர்ந்த ஒரு கார் கிடையாது.

1,335 கிலோவும் 39,878 பவுண்டும் கையால் கியர் மாற்றும் காருக்குரியவை. அந்தக் காருக்கு ஆகும் நேரம் 5.1 விநாடி. இரட்டைக் கிளட்ச் தானியங்கி கியர்பாக்ஸ் வாங்கினால் எடை 1,365 கிலோவாகிறது, நேரம் 4.9 ஆகிறது. அதற்கு மேல் ஸ்போர்ட் க்ரோனோ என்ற கூடுதல் தொகுப்பையும் காசு கொடுத்து வாங்கினால்தான் 4.7 வரும். அதாவது எடையும் விலையும் ஒரு காரிடமிருந்தும், வேகம் இன்னொரு காரிடமிருந்தும் வந்திருக்கின்றன.

எனவே நோட்டில் ஒவ்வொரு வரிக்கும் முதல் கட்டத்தில் காரின் பெயரை மட்டும் எழுதாமல் ‘718 கேமன், 2.0, கைக் கியர், பிரிட்டன், 2016’ என்று முழுவதையும் எழுதுங்கள். அந்த அடையாளத்துக்குப் பொருந்தாத எண் வந்தால் அதற்குப் புது வரி போடுங்கள்.

4. அலகுகளை மாற்றுங்கள்

இது சின்ன வேலை, வேகமாக முடியும். பவுண்டு எடையை 0.4536-ஆல் பெருக்கினால் கிலோ. பிரிட்டனில் வழங்கும் குதிரைத்திறனான பி.எச்.பி.யை 1.014-ஆல் பெருக்கினால் பி.எஸ். கிலோவாட்டை 1.36-ஆல் பெருக்கினாலும் பி.எஸ். மணிக்கு 60 மைல் என்பது 96.6 கிலோமீட்டர்தான், 100 அல்ல. அதனால் 60 மைல் நேரத்தை 100 கிலோமீட்டர் கட்டத்தில் எழுதக் கூடாது. அந்த நேரத்தைப் பெருக்கி மாற்றவும் முடியாது, ஏனென்றால் அந்த 3.4 கிலோமீட்டருக்குள் ஒரு கியர் மாற்றம் விழலாம். தனிக் கட்டத்தில் எழுதிவையுங்கள்.

எடையின் பவுண்டும் பணத்தின் பவுண்டும் தமிழில் ஒரே சொல். நோட்டில் ‘பவுண்டு எடை’, ‘பவுண்டு பணம்’ என்று பிரித்து எழுதுவது வீண் வேலை அல்ல.

5. எடையை ஒரே நிலைக்குக் கொண்டுவாருங்கள்

ஒரு காரின் எடையை மூன்று விதமாகச் சொல்லலாம்.

உலர் எடை என்பது பெட்ரோல், எண்ணெய், குளிர்விக்கும் நீர் எதுவும் இல்லாத எடை. அந்த நிலையில் கார் ஓடாது. ஜெர்மனியின் தர நிர்ணய முறையான டின் (DIN) முறையில் எல்லாத் திரவங்களும் டேங்கில் 90 சதவீதப் பெட்ரோலும் சேரும், ஓட்டுநர் சேரமாட்டார். ஐரோப்பிய ஒன்றிய முறையில் அதற்கு மேல் 75 கிலோ சேரும்: ஓட்டுநருக்கு 68, சாமானுக்கு 7. கேமனின் 1,335 கிலோ டின் எடை. அதே கார் ஐரோப்பிய முறையில் 1,410 கிலோ. காரில் ஒரு திருகாணிகூட மாறவில்லை.

இந்த வித்தியாசத்தைக் கண்ணால் பார்க்காதவரை பிள்ளைகள் நம்புவதில்லை. அதனால் ஒரு தடவை என் சிறிய ஹேட்ச்பேக்கை லாரிகள் நிற்கும் எடைமேடைக்கு ஓட்டிச் சென்றோம். டேங்க் காலியாகும் நிலையில், உள்ளே யாரும் இல்லாமல் நிறுத்தியபோது சிவப்பு எழுத்துகள் 740 என்று காட்டின. எதிரிலிருந்த பங்கில் டேங்கை நிரப்பிக்கொண்டு வந்து நிறுத்தினோம்: 770. நானும் என் அக்காள் மகனும் ஏறி உட்கார்ந்தோம்: 910. அந்த மேடை பத்துப் பத்து கிலோவாகத்தான் காட்டும், அதனால் துல்லியம் அவ்வளவுதான். அவன் சீட்டைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “மாமா, எந்த எண்ணை நோட்டில் எழுதுவது?” என்று கேட்டான். அந்தக் கேள்விக்காகத்தான் அவனை அழைத்துப் போனேன்.

இப்போது 4சி-யைப் பாருங்கள். ஐரோப்பாவில் அதற்குச் சொல்லப்பட்ட எடை 895 கிலோ. அது உலர் எடை. 2005-இல் அமெரிக்காவில் விற்ற எலீஸுக்கு எழுதிய எடை 1,975 பவுண்டு, அதாவது 896 கிலோ. அது திரவங்கள் நிறைந்த எடை. இரண்டையும் அடுத்தடுத்து வைத்து ‘இரண்டும் ஒரே எடை’ என்று முடிவுகட்டிய நோட்டுகளை நான் திருத்தியிருக்கிறேன். எண்கள்தான் ஒன்று. கார்கள் தராசில் ஏறிய நிலை வேறு.

உலர் எடையை எப்படிச் சரிசெய்வது? 4சி-யின் டேங்க் 40 லிட்டர். அதில் 90 சதவீதம் 36 லிட்டர். பெட்ரோல் லிட்டருக்குச் சுமார் 0.75 கிலோ என்றால் 27 கிலோ. எண்ணெய், குளிர்விக்கும் நீர், பிரேக் எண்ணெய் எல்லாம் சேர்த்துச் சுமார் 20 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 940 கிலோவை ஒட்டி வரும். இது நம் மதிப்பீடு, தயாரிப்பாளர் சொன்னது அல்ல. எனவே பென்சிலில் எழுதி வட்டமிடுங்கள்.

அமெரிக்காவில் அதே 4சி-க்குச் சொல்லப்பட்ட எடை 2,465 பவுண்டு, அதாவது 1,118 கிலோ. அந்த நாட்டு விதிகளுக்காகக் கூட்டிய பாகங்களும் அதில் அடக்கம். ஆகவே 4சி-க்கு எதிரே 895, ஏறக்குறைய 940, 1,118 என்று மூன்று எண்கள் நிற்கும். பிடித்த எண்ணை வைத்துக்கொண்டு மற்றதை அழிக்காதீர்கள். இந்த மூன்றும் அடுத்த படியில் தேவைப்படும்.

மற்ற மூன்று கார்களில் இவ்வளவு சிக்கல் இல்லை. அல்பீன் ஏ110-இன் அடிப்படை வகையான ப்யூர் 1,098 கிலோ. 2015-இன் எலீஸ் ஸ்போர்ட், 1.6 லிட்டர் கார், 866 கிலோ. கேமன் 1,335 கிலோ. மூன்றும் ஓட்டுநர் இல்லாத எடை. அல்பீனுக்கு 1,080 கிலோ என்ற எண்ணும் உலவுகிறது, அது கூடுதல் வசதிகள் எதுவும் சேராத எடை. விலைப்பட்டியலில் உள்ள ப்யூருக்கு அதை எழுதாதீர்கள்.

6. பிறகுதான் வகுக்க வேண்டும்

திறனை எடையால் வகுத்து ஆயிரத்தால் பெருக்கினால் ஒரு டன்னுக்கு எத்தனை பி.எஸ். என்று கிடைக்கும். எலீஸ் ஸ்போர்ட் 136 பி.எஸ்., அதற்கு 157. கேமன் 300 பி.எஸ்., அதற்கு 225. அல்பீன் 252 பி.எஸ்., அதற்கு 230. 4சி 240 பி.எஸ். உலர் எடையில் 268, நம் மதிப்பீட்டில் 255, அமெரிக்க எடையில் 215.

4சி முதலாவதா, மூன்றாவதா? எந்த எடையை எடுத்தீர்கள் என்பதைப் பொறுத்து அது இரண்டுமாக இருக்கிறது. ‘டன்னுக்கு 268’ என்று மட்டும் எழுதிவிட்டுப் போகும் பட்டியலை நான் ஏற்பதில்லை. அந்த எண் பிறந்த எடையும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

அடுத்து ஆட்களை ஏற்றுங்கள். கார் தானாக ஓடாது. ஒவ்வொரு காரிலும் 75 கிலோ கூட்டி மறுபடி வகுத்தால் அல்பீன் 215, கேமன் 213. பக்கத்து இருக்கையில் இன்னொருவரையும் உட்காரவைத்து 150 கிலோ கூட்டுங்கள். அல்பீன் 201.9, கேமன் 202.0. தனியாகப் போனால் அல்பீன் முந்துகிறது, தம்பியையும் ஏற்றிக்கொண்டால் இரண்டும் சமம். இதை முதன்முதலில் போட்டுப் பார்த்தபோது எங்கோ தவறு செய்துவிட்டேன் என்று நினைத்து நான்கு தடவை வகுத்தேன். விடை மாறவில்லை. லேசான காருக்கு ஒரு ஆளின் எடை பெரிய பங்கு, கனமான காருக்குச் சிறிய பங்கு. எலீஸில் ஒருவர் ஏறினால் டன்னுக்கு 157 என்பது 145 ஆகிவிடுகிறது.

7. விலைக்கு ஒரு நாடு, ஒரு வரி முறை

பிரிட்டன் விலையில் 20 சதவீத மதிப்புக்கூட்டு வரி அடக்கம். அமெரிக்காவில் பட்டியல் விலைக்கு மேல்தான் விற்பனை வரி வரும். இரண்டையும் டாலருக்கோ ரூபாய்க்கோ மாற்றி ஒப்பிட்டால், வரி இல்லாத விலை எப்போதும் மலிவாகத் தெரியும். எனவே ஒரே நாட்டு விலைகளை எடுங்கள்.

பிரிட்டனில் எலீஸ் ஸ்போர்ட் 2015-இல் 29,900 பவுண்டு. கேமன் 2016-இல் 39,878. 4சி அறிமுகமானபோது 45,000. அல்பீன் ப்யூர் 2018-இல் 46,905. ஆண்டுகள் வேறுபடுவதை விலைக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள்.

ஒரு பி.எஸ்.-க்கு என்ன விலை என்று வகுத்தால் கேமன் 133 பவுண்டு, அல்பீன் 186, 4சி 188, எலீஸ் 220. நான்கில் மலிவான கார், குதிரைத்திறன் கணக்கில் விலை கூடியதாக நிற்கிறது. இதைப் பார்த்து எலீஸை ஒதுக்குவது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. அந்தக் காரில் காசு கொடுத்து வாங்குவது திறனை அல்ல, இல்லாத எடையை. அதற்கும் ஒரு கணக்கு உண்டு. கேமனைவிட அல்பீன் 237 கிலோ குறைவு, 7,027 பவுண்டு கூடுதல். குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் சுமார் 30 பவுண்டு கொடுத்திருக்கிறோம். அல்பீனின் அலுமினிய உடற்கூடும், 4சி-யின் 65 கிலோ கார்பன் ஃபைபர் கூடும் இந்தக் காசில்தான் அடங்குகின்றன.

8. நம் ஊர்வரை வந்தால் என்ன அடக்கம்?

பர்மாத் தேக்கைக் கப்பலில் இறக்கி வீடு கட்டிய ஊர்கள் இவை. ரங்கூனில் மரத்தின் விலை ஒன்று, கானாடுகாத்தானில் அது தூணாக நிற்கும்போது அதன் அடக்க விலை வேறு என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை. ஆனால் கார் என்றதும் பிள்ளைகள் பவுண்டை ரூபாயாக்கி அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள்.

சதவீதங்களைக் கூட்டிவிடுவது இங்கே முதல் தவறு. 2025 மத்திய பட்ஜெட்டில், சரக்குக் கட்டணமும் காப்பீடும் சேர்த்து 40,000 டாலருக்கு மேற்பட்ட புதிய பெட்ரோல் கார்களுக்கு 70 சதவீதச் சுங்க வரியும் 40 சதவீத வேளாண் உள்கட்டமைப்பு வரியும் விதித்தார்கள். 2025 செப்டம்பர் முதல் இந்த வகைக் கார்களுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம். 110-ஐயும் 40-ஐயும் கூட்டி 150 என்று போட்டால் நூறு ரூபாய்ப் பொருள் 250 ரூபாயில் நிற்கும். அப்படியல்ல. சுங்கம் சேர்ந்து 210 ஆன பிறகு, அந்த 210-க்கு ஜிஎஸ்டி போட வேண்டும். 294 வரும். வட்டிக்கு வட்டி போடத் தெரிந்தவர்கள் இதில் தவறக் கூடாது. அதற்கும் மேல், 20 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்குத் தமிழ்நாட்டில் 20 சதவீத ஆயுள்கால சாலை வரி உண்டு. பட்ஜெட்டும் நாடுகளுக்கிடையிலான வணிக ஒப்பந்தங்களும் இந்த விகிதங்களை மாற்றும். கணக்குப் போடும் நாளின் விகிதத்தை எடுத்து, தேதியையும் எழுதுங்கள்.

பழைய கார் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்கு: தனியார் இறக்குமதியில் பழைய கார் மூன்று ஆண்டுக்கு மேற்பட்டதாக இருக்கக் கூடாது, ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும். 4சி-யின் தயாரிப்பு 2020-இல் முடிந்தது, எலீஸின் தயாரிப்பு 2021-இல். ஆகவே அந்த இரண்டுக்கும் இந்த வழி அடைபட்டுவிட்டது. நோட்டில் அவற்றின் ரூபாய்க் கட்டத்தைக் காலியாக விடுங்கள். கற்பனை எண் போடாதீர்கள்.

9. வேகத்தை எடையின் சாட்சியாக வையுங்கள்

நேரங்களைக் கடைசியில் எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. முன்னால் போட்ட எடைக் கணக்கு சரியா என்று பார்க்க அவை உதவும்.

4சி-யும் அல்பீனும் 100 கிலோமீட்டரைத் தொட ஒரே 4.5 விநாடி என்கின்றன. 4சி உண்மையிலேயே டன்னுக்கு 268 பி.எஸ். வைத்திருந்தால், அல்பீனைவிட ஏறக்குறைய 17 சதவீதம் கூடுதல் பலத்தோடு அதே நேரத்தில் வந்து சேர்ந்திருக்கிறது. இரண்டிலும் இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ்தான். திருப்புவிசையிலும் 4சி-யே முன்னால் நிற்கிறது: 350 நியூட்டன் மீட்டருக்கு எதிராக 320. இவ்வளவும் சாதகமாக இருந்தும் முந்தவில்லை என்றால், பிடிமானமும் கியர் விகிதமும் ஒரு பங்கு, 895 என்ற எடை இன்னொரு பங்கு. நாம் வட்டமிட்ட 940-உம்கூடக் குறைவாக இருக்கலாம் என்று இந்த நேரம் சொல்கிறது.

அமெரிக்க இதழ்களின் நேரங்களைத் தனியே வையுங்கள். அவர்களில் பலர் கார் முதல் ஒரு அடி நகர்ந்த பிறகுதான் கடிகாரத்தைத் தொடங்குகிறார்கள். அதில் கால் விநாடி போல மறைந்துவிடும்.

எலீஸ் ஸ்போர்ட் 6.5 விநாடி. நான்கில் மெதுவானது இதுதான், அதிகபட்ச வேகமும் 204 கிலோமீட்டர்தான். அல்பீன் 250-இல் மின்னணு முறையில் தடுக்கப்பட்டிருக்கிறது, 4சி 258, கேமன் 275. டன்னுக்கு இத்தனை பி.எஸ். என்பது நேர்கோட்டில் முடுக்கத்தை மட்டுமே சொல்லும். வளைவில் டயர் தாங்க வேண்டியதும், பிரேக் நிறுத்த வேண்டியதும் எடையைத்தான், திறனை அல்ல. அந்த இடத்தில் 866 கிலோ காரின் மதிப்பு தெரியும். அதனால் எலீஸை நேரக் கட்டத்தை மட்டும் வைத்து மதிப்பிட எனக்கு மனம் வருவதில்லை. வளைவு வேகத்துக்கு ஒரே ஓடுதளத்தில், ஒரே நாளில், ஒரே ஓட்டுநர் எடுத்த சுற்று நேரங்கள் கிடைத்தால் எழுதுங்கள். வெவ்வேறு நாள்களின் நேரங்களை ஒட்டவைக்காதீர்கள்.

10. வரிசை எண் போடும் முன்

நோட்டை இன்னொருவரிடம் கொடுத்து, உங்கள் விடைகளை மறைத்துவிட்டு, முதல் கட்டங்களிலிருந்து மறுபடி வகுக்கச் சொல்லுங்கள். எந்த வரியில் அவர் “இது எந்த எடை?” என்று கேட்கிறாரோ அந்த வரி இன்னும் முடியவில்லை.

பிறகு உங்கள் தேவை எது என்று ஒரு வரி எழுதுங்கள். தனியாக ஓட்டுவதா, இருவர் போவதா, இந்தியாவில் அதிகாரப்பூர்வமாக விற்ற காராக இருக்க வேண்டுமா? கடைசிக் கேள்விக்கு ஆம் என்றால் நான்கில் கேமன் மட்டுமே நேராக நிற்கும். அப்போது மற்ற மூன்றின் கணக்கு நம் அறிவுக்கு, வாங்குவதற்கு அல்ல.

போன வாரம் அக்காள் மகன் புது நோட்டோடு வந்தான். 4சி-க்கு எதிரே மூன்று எடைகளும் இருந்தன, நடுவில் உள்ளது பென்சிலில் வட்டமிட்டு. வரிசை எண் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தான். “எந்த எடை என்று தெரியாமல் எப்படி மாமா போடுவது?” என்றான். நோட்டை அப்படியே திருப்பிக் கொடுத்தேன்.